கிராம்பு, வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டும் கேழ்வரகில் பூசணம்: என்ன தவறு செய்தேன்?

ஜெலுத்தோங் சத்துமாவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஆறு வருஷமாக வீட்டிலேயே சத்துமாவு அரைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, சிவப்பரிசி, நிலக்கடலை, கொஞ்சம் ஏலக்காய். வாங்குபவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். பாக்கெட்டைக் கையில் வாங்கும்போதே, “ஒன்றும் கலக்கவில்லைதானே அக்கா?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், அது உண்மையும்கூட.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபர் மழை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஐந்து கிலோ கேழ்வரகை முளைகட்டி நடைபாதையில் வெள்ளைத் துணி விரித்துப் போட்டேன். இரண்டு நாளாக வெயிலே தலைகாட்டவில்லை. அப்புறம் வீட்டுக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே இன்னும் ஒரு நாள் வைத்தேன். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. காய்ந்துவிட்டது என்று பெரிய தகர டின்னில் கொட்டினேன்.

எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அரிசி டின்னில் வேப்பிலையும் வசம்பும் போட்டு வைப்பார். அதே நினைப்பில் கீழ்வீட்டு மரத்திலிருந்து ஒரு கைப்பிடி வேப்பிலை பறித்துப் போட்டேன். ஒரு துண்டு வசம்பு, பத்துக் கிராம்பு. மூடியை அழுத்தி மூடிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துத் திறந்தபோது கிராம்பு வாசம் கமகமவென்று வந்தது. மக்கு வாடை துளிகூட இல்லை. அரைக்கலாம் என்று கையை உள்ளே விட்டு அள்ளும்போது அடியில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழ அளவு கட்டி. உடைத்துப் பார்த்தால் மணிக்கு மணி நடுவில் வெள்ளை நூல், அதன்மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த பொடி. வேப்பிலை கறுத்துப் போய் அந்தக் கட்டியோடு ஒட்டியிருந்தது. ஐந்து கிலோவையும் குப்பையில் போட்டேன். மனசு வலித்தது, ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தக் கட்டி என் கையில் படாமல் இருந்திருந்தால் வாசத்தை நம்பி அரைத்திருப்பேன்.

மூன்று கேள்விகள். இந்தக் கிராம்பு, வேப்பிலைக்கெல்லாம் பூசணத்தைத் தடுக்கிற சக்தி உண்மையில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு போட வேண்டும்? பூசணம் லேசாக இருந்தால் நன்றாக வறுத்து அரைத்தால் கெடுதல் போய்விடுமா?

-----

சாமான் கடைத் தம்பி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் சாமான் கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் வாங்கிய கிராம்பு எண்ணெய் எடுத்த சக்கையாக இருக்கலாம். சந்தையில் அது நிறையவே கலந்து வருகிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு கிராம்பைப் போட்டுப் பாருங்கள். நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே இருக்க நட்டுக்குத்தாக நிற்கும். எண்ணெய் போனது படுத்துக்கொண்டு மிதக்கும். தண்டில் நகத்தை வைத்து அழுத்தினாலும் தெரியும், நல்லதில் எண்ணெய் கசியும்.

பாலிக் பூலாவ் கிராம்பு கிடைத்தால் வாங்குங்கள், மொட்டு குண்டாக இருக்கும். பத்துக்குப் பதிலாக ஐம்பது போட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். எங்கள் கடையில் துவரம்பருப்பில் காய்ந்த மிளகாய் போடுவோம், ஆனால் அது வண்டுக்கு. பூசணத்துக்குக் கேட்குமா என்று நான் பார்த்ததில்லை.

-----

பழைய மில்காரன் எழுதியது:

தங்கச்சி, ஐந்து கிலோவைக் கொட்டினீர்களே, அதுதான் இந்தக் கதையில் நீங்கள் செய்த மிகச் சரியான காரியம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள். குழந்தைகள் சாப்பிடும் பொருள்.

நான் பினாங்கு பிறை ஊரில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் 27 வருஷம் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். கப்பலில் வரும் மக்காச்சோளத்தைச் சோதிப்பதுதான் வேலை. இருட்டறையில் உடைத்த சோளத்தைத் தட்டில் பரப்பி, மேலே புற ஊதா விளக்கைப் பிடிப்போம். நல்ல சரக்கென்றால் மங்கலான நீலமாகத் தெரியும். கெட்ட சரக்கில் அங்கங்கே மின்மினிப் பூச்சி உட்கார்ந்த மாதிரி பச்சை மஞ்சளாகப் பளிச்சென்று புள்ளிகள் எரியும். அந்தப் புள்ளி தெரிந்தால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூசணம் அங்கே குடியிருந்திருக்கிறது என்று சந்தேகம். உடனே மாதிரியை முழுச் சோதனைக்கு அனுப்புவோம். நீங்கள் கட்டிக்குள் பார்த்த பச்சை மஞ்சள் பொடி பெரும்பாலும் இந்தக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, நிறம் ஏமாற்றும்.

இந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிய வந்தது. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்தது. நம் மலேசியாவுக்கும் இதில் ஒரு துக்கம் உண்டு. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா சமயம், பேராக்கில் லோ ஷி ஃபன் என்ற அரிசி மீ (நூடுல்ஸ்) சாப்பிட்ட குழந்தைகள் 13 பேர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் அஃப்ளாடாக்சின் என்றார்கள், போரிக் அமிலத்தின் பெயரும் அதில் அடிபட்டது. அப்போது நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான். அதுவரை வாத்துக்காகவும் கோழிக்காகவும் பார்த்துக்கொண்டிருந்த விளக்கை, அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிதான் பார்த்தேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். வறுத்தால் போகாது. சட்டிச் சூடு பூசணத்தைக் கொல்லும், நஞ்சை முழுதாக அழிக்காது. அது சிதைய 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் கேழ்வரகு கரியாகிவிடும். கட்டியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வதும் கூடாது.

இனி கிராம்பு. சக்தி இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைட், ஓமத்தில் தைமால், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால். இவை ஆவியாகப் போய்ப் பூசணத்தின் செல் சவ்வில் நுழைந்து அதை ஓட்டையாக்கும், உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து அது செத்துப்போகும். ஆய்வுத் தட்டில் அழகாக வேலை செய்யும், நானே பார்த்திருக்கிறேன். தட்டின் மூடியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் போதும், கீழே பூசணம் தலைதூக்காது.

ஆனால் தட்டு வேறு, டின் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம்பு ஏறக்குறைய 0.1 கிராம், பத்துக்கு ஒரு கிராம். நல்ல கிராம்பில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம். ஆக உங்கள் டின்னுக்குள் போன எண்ணெய் மொத்தமே 200 மில்லிகிராம், கிலோவுக்கு 40. அதுவும் முழு எண்ணெயும் வெளியே வந்தால்தான், முழுக் கிராம்பு அப்படி விடாது. தட்டிலேயே பூசணத்தை நிறுத்தக் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் கணக்கு ஆகும். தானியத்தில் அதைவிடப் பல மடங்கு வேண்டும், ஏனென்றால் மாவுச்சத்தும் கொழுப்பும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், ஆவிக்கு மிச்சம் இருக்காது. கடைத் தம்பி சொன்ன மாதிரி ஐம்பது போட்டாலும் கிலோவுக்கு 200-தான். (தம்பி, சக்கைக் கிராம்பைக் கண்டுபிடிக்கச் சொன்ன வழி அருமை. இதில் மட்டும்தான் நான் மாறுபடுகிறேன்.) போதுமான அளவு போட்டால் கஞ்சி குழந்தையின் நாக்கை மரக்கவைக்கும், பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோமே அதே வேலை. கிராம்பு எண்ணெயைத் தவறி விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவும் இருக்கிறது. அதனால் எண்ணெயைத் தானியத்தில் தெளிக்கும் எண்ணமே வேண்டாம்.

கடுகையும் சிலர் சொல்வார்கள். கடுகின் காரம் பூசணத்துக்கு எமன்தான். ஆனால் கடுகை நசுக்கி ஈரம் பட்டால்தான் அந்தக் காரம் உண்டாகும். முழுக் கடுகைக் காய்ந்த டின்னில் போட்டால் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

வேப்பிலைச் சாறு பூசணத்தின் வளர்ச்சியை அவ்வளவாக நிறுத்தவில்லை, நஞ்சு சுரப்பதைத்தான் குறைத்தது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சரி, அது சாறு. நீங்கள் போட்டது பச்சை இலை. இலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். மூடிய டின்னுக்குள் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து மணிகளுக்குத்தான். கட்டி இலையோடு ஒட்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணம் அங்கேயே இருக்கிறது.

வசம்பு விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லாத மருந்து என்றும் நம் வீடுகளில் அதற்கு மரியாதை உண்டு. எனக்கும் என் அம்மா சுட்டு உரசி நாக்கில் வைத்தவர்தான். ஆனால் அதில் இருக்கும் பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது. அமெரிக்காவில் 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். வண்டு வராமல் இருக்க அரிசி டின்னில் துணியில் முடிந்து போடுவது வேறு, அரைக்கும் தானியத்தோடு உரசிக்கொண்டு கிடப்பது வேறு. குழந்தை மாவுக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது அந்தக் கிராம்பு வாசம்தான். ஆலையில் எங்களுக்கு முதல் கருவி மூக்கு. மூட்டை வாயைப் பிரித்ததும் முகர்ந்து பார்ப்போம், மக்கு வாடை அடித்தால் அப்புறம்தான் மற்றச் சோதனை. உங்கள் டின்னில் பூசணத்தை நிறுத்தும் அளவுக்குக் கிராம்பு இல்லை, அதன் வாடையை மறைக்கும் அளவுக்கு மட்டும் இருந்தது. அரைப்பதற்கு வைத்திருக்கும் தானியத்தில் வாசனைப் பொருள் எதையும் போடாதீர்கள். மூக்குக்கு வேலை இருக்கட்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? நன்றாகக் காயவைப்பதுதான். மின்விசிறிக்குக் கீழே எவ்வளவு நேரம் போட்டாலும் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஏற்ற அளவுக்குத்தான் தானியம் காயும். மழை நாளில் பினாங்குக் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால், தானியம் 16, 17 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். கைக்குப் பொலபொலவென்றுதான் இருக்கும். பூசணத்துக்கு அது தாராளம். உங்களுக்கு வேண்டியது 12. அதற்குக் காற்றைச் சூடாக்க வேண்டும். அதே 85 சதவீதக் காற்றை 28 பாகையிலிருந்து 45-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடுப்புப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை ஒரு விரல் திறந்து, தானியத்தை மெல்லிசாகப் பரப்புங்கள். பழம் உலர்த்தும் மின்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. முளைகட்டியதை அன்றைக்கே காயவைத்து முடிக்க வேண்டும், மூன்று நாள் இழுக்கவே கூடாது. முளைவிட்ட மணியில் சர்க்கரை ஏறியிருக்கும், ஈரமும் இருக்கும், பூசணத்துக்கு அதைவிட விருந்து கிடையாது.

காய்ந்ததும் சூட்டோடு டின்னில் கொட்டாதீர்கள். நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மூடிக்குக் கீழே வேர்த்துச் சொட்டும். டின்னைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் இரண்டு கரண்டி உப்பும் கால் போத்தல் தானியமும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே என்று மட்டும்தான் தெரியும், 12 வந்துவிட்டதா என்று தெரியாது. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அறையில் வைக்கும் சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கித் தானியத்தோடு டின்னுக்குள் வைத்து மூடி, மறுநாள் பாருங்கள். டின்னுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பூசணம் வளராது. 70-ஐத் தாண்டினால் மறுபடி காயவையுங்கள்.

-----

தஞ்சாவூர் மருமகள் எழுதியது:

நான் கல்யாணமாகிக் கோலாலம்பூர் வந்து இருபது வருஷம். பிறந்த வீடு தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டில் நெல் குதிர் இருந்தது. நொச்சி, புங்கம், வேம்பு இலை மூன்றும் போடுவார்கள். ஆனால் மில்கார ஐயா சொன்னது எனக்கு இப்போதுதான் உறைத்தது. இலையை நிழலில் காயவைத்துக் கையில் நொறுங்கும் பதத்தில்தான் அப்பத்தா போடுவார். நெல்லும் தை அறுவடை, பின்னாலேயே மாசி, பங்குனி வெயில். களத்தில் காய்ந்த நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார், டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னொரு நாள் வெயில். இலை வண்டுக்குக் காவல், அவ்வளவுதான். நாம் இங்கே வந்து இலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

-----

ஜெலுத்தோங் சத்துமாவு எழுதியது:

அண்ணே, இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் செய்த காரியம், செப்டம்பர் கடைசியில் அரைத்த மாவை வாங்கியவர்களுக்குப் போன் போட்டதுதான். அப்போதும் கிராம்பு போட்டிருந்தேன், அப்போதும் மழைதான், கட்டி இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. ஒன்பது பேர். ஏழு பேரிடம் மாவு மிச்சம் இருந்தது, திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஒருத்தி மட்டும் கொஞ்சம் கோபமாகப் பேசினாள், அவள் பிள்ளைக்கு எட்டு மாதம். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. பிள்ளை நன்றாக இருக்கிறான், டாக்டரிடமும் காட்டிவிட்டாள்.

மானி வாங்கிவிட்டேன், உள்ளங்கை அளவுதான். முதலில் வீட்டில் இருந்த கம்பில் வைத்துப் பார்த்தேன், மறுநாள் 74. அது காய்ந்த கம்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்! அப்புறம் புதிதாக இரண்டு கிலோ கேழ்வரகு முளைகட்டி, ஈரம் வடித்து, அடுப்புப் பெட்டியில் 50 பாகையில் ஆறு மணி நேரம் வைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை தட்டை வெளியே எடுத்துக் கிளறினேன். ஆறவிட்டு டின்னில் போட்டு மானி வைத்தால் 68. மறுபடி இரண்டு மணி நேரம். இப்போது இன்னொரு சந்தேகம்: நிலக்கடலையை என்ன செய்வது? அதைச் சாமான் கடையில்தான் வாங்குகிறேன், எப்போது காய்ந்தது என்று எனக்குத் தெரியாது.

-----

பழைய மில்காரன் எழுதியது:

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும்தான் அஃப்ளாடாக்சின் ஆபத்து ரொம்ப அதிகம். கடலையில் நஞ்சு சமமாகப் பரவியிருக்காது, ஆயிரத்தில் சில பருப்பில் மட்டும் குவிந்திருக்கும். சுருங்கியது, கறுத்தது, தோல் நிறம் மாறியது, உடைந்தது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கொட்டிக் கையால் பொறுக்கி எறிந்தால் பெரும்பகுதி ஆபத்து அதோடு போய்விடும். ஆனால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான மாவில் நானாக இருந்தால் கடலையை விட்டுவிடுவேன். பெரியவர்களுக்குத் தனியாக அரையுங்கள்.

கிராம்பு மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெயையெல்லாம் கிட்டோசான், சைக்ளோடெக்ஸ்ட்ரின் போன்ற பொருளுக்குள் பொதிந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விடும்படி செய்யும் ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. ஆலையில் பூசணம் பிடிக்காமல் இருக்க நாங்கள் தீவனத்துக்குப் போட்ட புரோப்பியோனிக் அமிலத்தின் வேலையை ஒரு நாள் அது செய்யலாம், அதைப் பார்க்க எனக்கு ஆசை. உங்கள் அலமாரியைத் துடைத்த பிறகு மூலையில் கிராம்பைத் துணியில் கட்டி வையுங்கள், டின்னுக்கு வெளியே.

-----

சாமான் கடைத் தம்பி எழுதியது:

ஐம்பது போடச் சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா. முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். இனி கடலை மூட்டை பிரிக்கும் தேதியை அட்டையில் எழுதி மூட்டையிலேயே குத்தி வைக்கிறோம். வரும்போது கேளுங்கள், அன்று பிரித்ததிலிருந்து அள்ளித் தருகிறேன்.

-----

ஜெலுத்தோங் சத்துமாவு எழுதியது:

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது தம்பி, சனிக்கிழமை வருகிறேன். அண்ணே, இன்று காலை மானி 57 காட்டியது. முகர்ந்து பார்த்தேன், வெறும் கேழ்வரகு வாசம். கையை அடிவரை விட்டுத் துழாவியும் பார்த்துவிட்டேன். மாலையில் அரைக்கிறேன், கடலை இல்லாமல்.